ரைட்டர் மேசை

(திருவொற்றியூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராயபுரம் காவல் நிலையப் பலகையில் என்1 என்று எழுதியிருக்கும். காசிமேடு என்2, மீன்பிடித் துறைமுகம் என்4. வண்ணாரப்பேட்டை ஹெச்1. நாம் கூடியிருக்கும் திருவொற்றியூர் ஹெச்8. இன்னும் வடக்கே போனால் எண்ணூர், எம்5. சின்ன வயதில் இந்த எழுத்துகளைப் பஸ் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். ஒரு தெருச் சண்டை நடந்தால் முதலில் வரும் கேள்வி, "இது என்டூவா, என்ஃபோரா?" என்பதுதான். யார் அடித்தார்கள் என்ற கேள்வி அதற்கப்புறம்.

இன்றைக்கும் அப்படித்தான் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். குற்றவியல் நீதி அமைப்புகளின் நிர்வாகம் என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கேட்கும்போதே கொட்டாவி வரும் தலைப்பு. நான் நீதிபதியும் இல்லை, போலீஸ்காரனும் இல்லை. குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். கட்டு கட்டுவதும், வாய்தா எழுதுவதும், சம்மன் அனுப்புவதும், அது திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று பார்ப்பதும்தான் என் உத்தியோகம். அதனால் நான் பேசப்போவது காகிதத்தைப் பற்றி மட்டும்.

எல்லையில் ஆரம்பிக்கிறேன். 2022 ஜனவரி 1ஆம் தேதி சென்னைக் காவல் ஆணையரகத்திலிருந்து ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்தன. திருவொற்றியூர் சென்னையோடு நின்றது. எண்ணூர் ஆவடியோடு போனது. எண்ணூர்க்காரர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2011இல் கத்திவாக்கம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து அவர் வீட்டு வரி கட்டுவது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்துக்கு. 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது திருவொற்றியூர் தாலுகாவும் அதில் சேர்ந்ததால், வாரிசுச் சான்றிதழுக்கு அவர் சென்னை மாவட்டத்துக்காரர். ஆனால் வீட்டில் திருடு போய், நிலையத்தில் சரியாகக் கவனிக்கவில்லை, மேலே முறையிடவேண்டும் என்றால் ஆவடிக்காரர். எண்ணூரிலிருந்து ஆவடிக்கு நேர் ரயில் கிடையாது. கும்மிடிப்பூண்டி வண்டியில் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் பக்கம் போகிற வண்டிக்கு மாறவேண்டும்.

இதில் சதி ஒன்றும் இல்லை. ஒரே கமிஷனரின் தலையில் அத்தனை நிலையங்களும் இருந்தன. மூன்றாகப் பிரித்தால் மேற்பார்வை நெருக்கமாகும். கணக்கு சரி. கோடு போட்டவர்கள் நிலையங்களை எண்ணினார்கள், அதிகாரிகளை எண்ணினார்கள். மனு எடுத்துக்கொண்டு போகிறவர் எங்கே ரயில் மாறுவார் என்பதை எண்ணவில்லை. அப்படி ஒரு பத்தியே எந்தப் படிவத்திலும் கிடையாது.

எண்ணூரைவிடத் துறைமுக வாசலில் இந்தக் குழப்பம் அதிகம். ஜீரோ கேட்டுக்குள்ளே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையும் சுங்கத்துறையும். வெளியே கன்டெய்னர் லாரி வரிசைக்குப் போக்குவரத்துப் போலீஸ். லாரி டிரைவரை யாராவது அடித்துப் பணம் பறித்தால் சட்டம் ஒழுங்கு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தால் ரயில்வே போலீஸ். தண்ணீரில் விழுந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். வெளியூர் டிரைவர் புகார் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு லோடுதான் முக்கியம்.

இந்த ஊருக்கும் நிர்வாகத்துக்கும் பழைய உறவு. சென்னைக்கு முதல் போலீஸ் கமிஷனராக போல்டர்சன் என்பவர் வந்தது 1856இல். அதே ஆண்டு ஜூலையில்தான் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. சரக்கு வருகிறது, கூட்டம் வருகிறது, கூடவே காவலும் வருகிறது. 1888இல் போட்ட சென்னை மாநகரக் காவல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கூட்டத்தை மண்டபத்துக்குள் வைக்காமல் தெருமுனையில் வைத்திருந்தால், அதன் 41ஆவது பிரிவை நமக்கு யாராவது வந்து ஞாபகப்படுத்தியிருப்பார்கள்.

சரி, நிலையத்துக்குள் போவோம். உள்ளே போனதும் இன்ஸ்பெக்டர் அறை தெரியும், கதவு சாத்தியிருக்கும். பாராவில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் பதிவேடுகள், இப்போது ஒரு கம்ப்யூட்டரும். அங்கே உட்கார்ந்திருப்பவர் ரைட்டர். பெரும்பாலும் தலைமைக் காவலர். நிலையத்தின் பொது நாட்குறிப்பு அவர் கையில். யாருக்கு எந்த டூட்டி என்பது அவர் கையில். இன்ஸ்பெக்டர் வருவார், போவார். காவல் நிலைய அதிகாரிக்கு ஓரிடத்தில் குறைந்தது 2 ஆண்டு கொடுங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லவேண்டி வந்தது என்றால், அதுவரை எப்படி இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு படகுக்காரரோடு அந்த மாதிரி மேசை ஒன்றின் முன்னால் போய் நின்றேன். காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில் எங்கோ ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அவருடைய ஃபைபர் படகின் எஞ்சினை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகாரை நான்தான் எழுதினேன். நாற்பது வருஷம் எழுதிய கை, பிழை இருக்காது என்று ஒரு கர்வம். ரைட்டர் நிதானமாகப் படித்தார். "எழுத்து அழகா இருக்குண்ணே" என்றார். அப்புறம், "படகு தண்ணியில நின்னுச்சா, மணல்ல நின்னுச்சா?" என்று கேட்டார். படகுக்காரர் என்னைப் பார்த்தார். அலை வந்தால் தண்ணீர், போனால் மணல். "தண்ணின்னா எங்க லிமிட் வராதுண்ணே" என்றார் ரைட்டர். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே அவருக்கு அது ஒரு பிரச்சினை.

கடைசியில் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. சமுதாய சேவைப் பதிவேடு என்பது அதன் முழுப்பெயர். புகாரைப் பெற்றுக்கொண்டோம், விசாரிக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி. முதல் தகவல் அறிக்கை அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால் அது கோர்ட்டுக்கு வரும், எண் ஏறும், ஒரு நாள் பதில் சொல்லியாகவேண்டும். சி.எஸ்.ஆர். நிலையத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடலாம். தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போய்வந்த எவரையும் கேளுங்கள், "சி.எஸ்.ஆர். போட்டிருக்காங்க" என்று சொல்லும்போது குரலில் பாதி நிம்மதி, பாதி சந்தேகம் இருக்கும்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. அப்படியிருந்தும் ஏன் தயக்கம்? ரைட்டர் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். போன வருஷம் இதே மாதம் எத்தனை திருட்டு, இந்த வருஷம் எத்தனை என்று மேலதிகாரி கேட்பார். எண் ஏறியிருந்தால் இன்ஸ்பெக்டருக்கு வசை. பதிவு செய்தால் திட்டு, செய்யாவிட்டால் பாராட்டு என்று ஓர் அலுவலகத்தை நடத்தினால் அங்கே என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் மார்க் போடுகிற வாத்தியார் தவறாகப் போட்டால் பையனை மட்டும் எப்படி அடிப்பது?

2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், எந்த நிலையத்தின் எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறது. தண்ணீரா மணலா என்று இனிமேல் கேட்க முடியாது. நல்லது. அதே சட்டம் இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம். சாதாரணத் திருட்டு சரியாக அந்த வரம்புக்குள் விழுகிறது. 14 நாளில் படகு எஞ்சின் எத்தனை துண்டாகும் என்று மணலி பழைய இரும்புக் கடைகளைத்தான் கேட்கவேண்டும்.

சென்னையில் இன்னொரு வினோதம் உண்டு. நிலையத்தில் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர் ஒருவர், கிரைம் இன்ஸ்பெக்டர் ஒருவர். வெளியூர் நண்பர்கள், "கொலை வழக்கை கிரைம் பார்ப்பார்" என்று நினைப்பார்கள். பல காலமாக இங்கே வழக்கம் வேறு. திருட்டு, வழிப்பறி கிரைம் பிரிவுக்கு. கொலை சட்டம் ஒழுங்குக்கு. விநாயகர் சிலைகளை பாப்புலர் எடைமேடைக்குப் பின்னால் கடலில் கரைக்கும் நாளிலும், மாசித் திருவிழாத் தேர் அன்றைக்கும், மீனவர்கள் சாலையில் உட்கார்ந்த அன்றைக்கும் பந்தோபஸ்துக்கு நிற்கவேண்டியவர்தான் கொலை வழக்கின் சாட்சியையும் தேடவேண்டியவர். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள் என்று 2006 தீர்ப்பு கேட்டதன் அர்த்தம் பந்தோபஸ்து அன்றைக்குத்தான் புரியும். சாட்சியைத் தேடப் போகவேண்டிய காவலர் அன்று இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதற்கே 2021இல்தான் அரசாணை வந்தது.

இப்படிப்பட்ட நிலையத்திலிருந்து வரும் குற்றப்பத்திரிகை என் மேசைக்கு வந்து சேரும். சாட்சி வரமாட்டார். சம்மன் போகும், "விலாசத்தில் ஆள் இல்லை" என்று திரும்பும். குடிசை மாற்று வாரியத்தில் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ வீடு கொடுத்து அனுப்பிவிட்டிருப்பார்கள். சம்மன் மட்டும் பழைய குப்பத்துக்கே போய்க்கொண்டிருக்கும். வந்த சாட்சியும் பிறழ் சாட்சியாவார். எதிரி அதே தெருக்காரன், எப்படிச் சொல்வார்? வழக்கு முடியும்போது அதைப் பதிவு செய்த இன்ஸ்பெக்டர் நாலு ஊர் மாறியிருப்பார். விடுதலை ஆனால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. தண்டனை ஆனால் அவருக்குப் பெருமையும் இல்லை. இந்த மாத மீட்டிங்கில் காட்டக்கூடியதாக அவருக்கு ஏதாவது வேண்டும்.

அங்கேதான் குறுக்குவழி பிறக்கிறது. நான் சொல்லவந்த விஷயமும் இதுதான். விசாரணை நடத்தித் தண்டனை வாங்க முடியாத நிர்வாகம், விசாரணையே தேவைப்படாத காகிதங்களைப் பெருக்கும். வடசென்னைப் பையன்களுக்கு அந்தக் காகிதங்களின் பெயர் அத்துப்படி. ஒன்று "ஒன் டென்". இன்னொன்று "குண்டாஸ்".

ஒன் டென் என்றால் பழைய நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவு. நன்னடத்தைப் பிணை. ஓராண்டு ஒழுங்காக இருப்பேன் என்று ஒருவரிடம் எழுதி வாங்குவது. மீறினால், வெளியே இருந்த நாட்களைக் கழித்துவிட்டு, மிச்ச நாட்களுக்குச் சிறை. "மீதமுள்ள இத்தனை நாள் சிறை" என்று பத்திரிகையில் ஓரத்தில் வரும் செய்தி இதுதான். இதைச் செய்யும் நிர்வாக நடுவர் அதிகாரத்தை 2013, 2014 அரசாணைகளின் மூலம் துணை ஆணையர்களுக்கே கொடுத்தார்கள். காலையில் கிரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டரைக் கேள்வி கேட்கிறவரும், மதியம் அந்த இன்ஸ்பெக்டர் அழைத்துவந்த ஆளை உள்ளே அனுப்பலாமா என்று முடிவு செய்கிறவரும் ஒரே அதிகாரி. எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கு ஆறு வருஷம் இழுத்தபோது, அங்கே ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. வேகம் என்று பார்த்தால் அப்பழுக்கில்லாத நிர்வாகம். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. பிடிக்கிற கையும் தீர்ப்பெழுதும் கையும் ஒன்றாக இருக்கமுடியாது என்பதுதான் அடிப்படை. அதைச் சொல்ல கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆயிற்று.

குண்டாஸ் சட்டம் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். முதலில் கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடி, குடிசைநில அபகரிப்பு என்று ஆரம்பித்தது. பிற்பாடு திருட்டு வீடியோவும் மணல் கடத்தலும் இணையக் குற்றமும் சேர்ந்துகொண்டன. கமிஷனர் ஆணை போட்டால் 12 மாதம்வரை தடுப்புக்காவல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் தடுப்புக்காவல் கைதிகள் பத்தியைப் பாருங்கள், தமிழ்நாடு எப்போதும் முன்வரிசையில் நிற்கும்.

இந்தச் சட்டத்தின் உயிர் காகிதத்தில் இருக்கிறது. காரணங்களை 5 நாளுக்குள் கைதிக்குக் கொடுக்கவேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல். 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்குப் போகவேண்டும். 7 வாரத்துக்குள் அங்கிருந்து அறிக்கை வரவேண்டும். நூற்றுக்கணக்கான பக்கத்தில் ஒரு புத்தகம் தயாரித்துக் கையில் கொடுப்பார்கள். அதை யார் தயாரிப்பது? அதே ரைட்டர் மேசைதான். ராத்திரி உட்கார்ந்து ஜெராக்ஸ் போட்டு, நூல் கட்டி. ஒரு பக்கம் மங்கலாக இருந்தால், ரிமாண்ட் உத்தரவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வைக்க மறந்தால், கைதியின் முறையீட்டை அரசு சில நாள் தாமதமாகப் பரிசீலித்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் ஆணை ரத்தாகிவிடும். அப்படி எத்தனையோ ரத்தாகின்றன. ரத்தாவதற்குள் ஆள் சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டிருப்பார்.

யோசித்துப் பாருங்கள். அவர் குற்றவாளியா என்று யாரும் விசாரிக்கவில்லை. உள்ளே போனதற்கும் காகிதம் காரணம், வெளியே வந்ததற்கும் காகிதம் காரணம். குண்டாஸ் புத்தகத்துக்குச் செலவழித்த உழைப்பில் கால்வாசியை அந்த ஆளின் பழைய வழக்குகளில் சாட்சிகளுக்குச் சம்மன் சேர்ப்பதில் செலவழித்திருந்தால், குற்றவாளியா இல்லையா என்று ஒரு முடிவாவது கிடைத்திருக்கும். இதை நான் ஒரு அதிகாரியிடம் சொன்னேன். சிரித்தார். "சார், சம்மன் சேர்த்ததுக்கு எந்த மீட்டிங்ல கை தட்டுவாங்க?" என்றார். நல்ல மனிதர்.

சிறை நிர்வாகத்தைப் பற்றி ஒரு நினைவு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1837இல் கட்டிய மத்திய சிறை இருந்ததை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் இருந்த இடம். 1999 நவம்பர் 17ஆம் தேதி, வடசென்னைக் கைதி ஒருவர் மருத்துவமனையில் இறந்த செய்தி உள்ளே போனது. சரியாகக் கவனிக்கவில்லை என்று கொதித்துக் கலவரம். துணை ஜெயிலர் ஒருவர் எரிந்து செத்தார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள். அந்த நாளைச் சினிமா பார்க்கிற மாதிரி விவரிப்பவர்கள் உண்டு. எனக்கு ஞாபகம் இருப்பது மறுநாள் கோர்ட்டு. அன்று வாய்தாவுக்கு வரவேண்டிய ரிமாண்ட் கைதிகள் யாரும் வரவில்லை. வராண்டா முழுக்க அம்மாக்கள். எந்தக் கைதி எந்தப் பிளாக்கில், உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல எங்கள் கையில் ஒரு பட்டியல் இல்லை. சிறையில் இருந்தவர்களின் கட்டுகள் எல்லாம் எங்கள் அலமாரியில்தான் இருந்தன, ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 2006இல் சிறை புழலுக்குப் போனது; தண்டனைக் கைதிகள் ஒரு பக்கம், விசாரணைக் கைதிகள் ஒரு பக்கம், பெண்களுக்குத் தனி. இடம் தாராளம். ஆனால் வழிக்காவலுக்கு ஆயுதப்படைக் காவலர் கிடைக்காவிட்டால் இன்றைக்கும் கைதி கோர்ட்டுக்கு வருவதில்லை, திரையில்தான் வருகிறார்.

சிறையைப் போலவே கண்ணில் படாத இன்னொரு இடமும் உண்டு. ராயபுரத்தில் அரசுச் சிறுவர் இல்லம் இருப்பது அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கே பல பேருக்குத் தெரியாது. 2020 ஜூனில் அங்கே 35 பிள்ளைகளுக்குக் கொரோனா வந்து, உச்ச நீதிமன்றம் அறிக்கை கேட்ட பிறகுதான் பெயர் பத்திரிகையில் வந்தது. இந்தியாவில் சிறாருக்கென்று முதலில் சட்டம் போட்ட மாகாணம் இது, 1920இல். நூறாவது வருஷம் இப்படிக் கொண்டாடினோம்.

அதே 2020 ஜூனில்தான் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் சம்பவம். அங்கே நிலையத்தில் சிசிடிவி இருந்தது. பதிவை வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைக்குப் பதிவானது தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது. அந்த டிஸ்க் நம் ஹெச்8இலும் எம்5இலும் எத்தனை நாள் தாங்கும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இங்கே இருக்கும் இளைஞர்கள் யாராவது செய்யவேண்டும். எழுதிக்கொடுக்க நான் தயார்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு காகிதத்தைக் காட்டி முடித்துக்கொள்கிறேன். அந்தப் படகுக்காரர் இன்று வந்திருக்கிறார், பின்வரிசையில். எஞ்சின் கிடைக்கவில்லை. பிற்பாடு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், அது பெரிய விஷயம். கூட்டம் ஆரம்பிக்கும் முன் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து, "சார், இது இன்னா எழுதிருக்கு பாரு" என்று நீட்டினார். வழக்கை முடித்து வைக்கப் போகிறோம், உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்கிற ஆர்.சி.எஸ். நோட்டீஸ். இப்படி ஆயிரம் நோட்டீஸ் நானே எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆஜராகவேண்டிய தேதி 11 என்று போட்டிருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதி 14.